கவிழ்த்துப் பிடித்த காகிதம்

அவர் என் கடைக்குள் வரும்போதெல்லாம் என் நாற்காலியைப் பார்த்துத் தலை வணங்குவார். எனக்கில்லை, நாற்காலிக்கு. நான் டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போயிருந்து நாற்காலி காலியாகக் கிடந்தாலும் அதே வணக்கம்தான். போகும்போது வாசல் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து, படியருகில் நின்று இன்னொரு தரம் குனிந்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், கடகடவென்று ஒரு ஃபேன், இவற்றை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த எனக்கு இப்படியொரு மரியாதை வாழ்க்கையில் கிடைத்ததில்லை. முதல் வாரம் அவர் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

"ஏண்ணா, என் சேரப் பாத்துக் கும்பிடு போடறீங்க? அதுக்குக் காலு ஒடஞ்சு கயிறு கட்டி வச்சிருக்கேன்," என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பழக்கம்மா. முப்பது வருசம் சபாநாயகர் நாற்காலிக்குக் குனிஞ்ச முதுகு. நாற்காலியப் பாத்தா தானா வளைஞ்சுடுது," என்றார்.

டெல்லியில் மக்களவைக்குள் அட்டெண்டராக இருந்தவர் அவர். உறுப்பினர்கள் எழுதித் தரும் துண்டுச் சீட்டுகளை இன்னொரு உறுப்பினரிடமோ அமைச்சரிடமோ சபை மேஜையில் இருக்கும் அதிகாரிகளிடமோ கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. சுனாமி வந்த வருஷத்தின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று ஊர் திரும்பி, உப்பளத்தை ஒட்டியிருந்த தன் அக்கா வீட்டில் தங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கு அவர் டெல்லிக்காரர், எனக்கு அண்ணா. அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அதைச் சொல்ல எனக்கு இன்னமும் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அவரிடம் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்குவார். எழுத்துப் பக்கம் கீழே போகும்படி கவிழ்த்துக்கொள்வார். தெருவில் யார் யாரோ அவரிடம் ஜெராக்ஸ் எடுத்து வரச்சொல்லிப் பத்திரம், ஜாதிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று கொடுத்தனுப்புவார்கள். கவிழ்த்தபடியே என்னிடம் நீட்டிவிட்டு, மிஷின் ஓடி முடியும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாண்டிச்சேரி பஸ் போகும், மீன் வண்டி போகும், அவர் திரும்பவே மாட்டார்.

"பாத்தா கண்ணு அவிஞ்சா போயிடும்?" என்று நான் சீண்டுவேன்.

"கொண்டு போறவன் கண்ணு வழியில இருக்கணும்மா. காகிதத்துல இருக்கக்கூடாது. அது இன்னொருத்தரோட பேச்சு. நடுவுல நான் எதுக்கு?"

இந்தக் கொள்கையால் ஒரு கூத்தே நடந்தது. அவர் அக்காவின் மகள் சென்னையில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தாள். அவளிடமிருந்து வந்த கார்டைத் தபால்காரர் இவரிடம் கொடுத்துவிட்டார். கவர் இல்லை, கார்டு. வெறும் கார்டு! அதையும் இவர் கவிழ்த்துப் பிடித்து, உச்சிவெயிலில் உப்பளத்துக்கு நடந்துபோய், பாத்தி வரப்பில் உப்புச் சட்டி சுமந்துகொண்டிருந்த அக்காவிடம் கொடுத்தார். அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், எழுத வராது. கை ஈரம், கண்ணில் உப்புக் கூச்சம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் படித்தாள். 'புதன்கிழமை மதியம் பஸ்ஸில் வருகிறேன், கைக்குழந்தையும் பையும் இருக்கிறது, மாமாவை பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பவும்' என்று இருந்தது. அன்றைக்குத்தான் புதன்கிழமை. அந்தப் பெண் குழந்தையோடு என் கடை வாசலில்தான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அக்கா அன்றைக்குத் தெருவே கேட்கக் கத்தினாள். "ஏண்டா, மூஞ்சிக்கு நேரா எழுதியிருக்கு, ரெண்டு எழுத்து பாத்தா உன் டெல்லி சர்க்கார் உன்னத் தூக்குல போட்டுடுமா?" இவர் சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த கார்டையும் படிக்காமல்தான் கொடுத்தார்.

எனக்கு அவரிடம் பொழுது போகும். மத்தியானத்தில் ஆள் வராத நேரத்தில் சபைக்குள் நடப்பதையெல்லாம் சொல்லுவார். சாதாரணமாக நம்மூர்க்காரர்கள் டெல்லிக் கதை சொன்னால் குளிரையும் சப்பாத்தியையும் சொல்லுவார்கள். இவர் மசோதா எப்படிப் போகும் என்று சொல்லுவார். என் மேஜையிலிருந்த ஏ4 தாள்களை எடுத்து வரிசையாக வைத்து, இது அறிமுகம், இங்கே ஒன்றும் பெரிதாகப் பேசமாட்டார்கள். இது விவாதம், இங்கேதான் ஒவ்வொரு பிரிவாக எடுப்பார்கள், திருத்தம் கொடுத்தவர் எழுந்து முன்மொழிய வேண்டும். இது நிறைவேற்றம், அப்புறம் பக்கத்துச் சபைக்குப் போகும், அங்கேயும் இதே பாடு என்று விளக்குவார். சர்க்கார் கொண்டுவரும் மசோதாவுக்குத்தான் எல்லா நாளும் சொந்தம். சாதாரண உறுப்பினர் தானாகக் கொண்டுவரும் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும், அதுவும் குலுக்கலில் பெயர் வந்தால். அந்த நேரத்தில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்களாம். "காலி பெஞ்சுங்களப் பாத்து ஒரு மனுசன் ஏழைங்களுக்காக ஒரு மணி நேரம் பேசுவாரு. எழுதறவங்க மட்டும் ஒரு வார்த்தை விடாம எழுதிக்குவாங்க. அது போதும்மா. பதிவுல ஏறிடுச்சுன்னா அத அழிக்க முடியாது," என்பார்.

ஒரு கதையை மட்டும் அவர் பெருமையாகச் சொன்னபோது எனக்கு அது பெருமையாகப் படவில்லை. யாரோ ஒரு உறுப்பினர் ஒரு மசோதாவுக்குத் திருத்தம் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து ஒருவர் சீட்டெழுதி இவரிடம் தந்து அவரைக் காட்டினார். பேசுகிறவருக்கும் நாற்காலிக்கும் நடுவே புகுந்து போகக்கூடாது என்பது விதி. இவர் சுற்றிக்கொண்டு, ஓசைப்படாமல், எப்போதும் நடக்கும் நடையில் போனார். போய்ச் சேர்வதற்குள் அந்தத் திருத்தத்தின் எண்ணைக் கூப்பிட்டு, எழுந்திருக்க ஆள் இல்லாததால், முன்மொழியப்படவில்லை என்று அடுத்ததற்குப் போய்விட்டார்கள். சீட்டில் இருந்தது 'உங்கள் முறை வருகிறது, எழுந்திருங்கள்' என்பதுதான்.

"படிச்சிருந்தா கொஞ்சம் வேகமாப் போயிருப்பீங்க இல்ல?" என்றேன்.

"சபையில ஓடக்கூடாதும்மா," என்றார். எதையோ யோசித்துவிட்டு, "படிச்சிருந்தா ஓடியிருப்பேன். அதான் படிக்கறதில்ல," என்றார்.

அவருடைய அக்காவைப் பற்றியும் சொல்லவேண்டும். தம்பி பள்ளிக்கூடம் போவதற்காக எட்டு வயதில் உப்பளத்துக்குப் போனவள். தம்பி டெல்லிக்குப் போய்ப் பணம் அனுப்ப ஆரம்பித்த பிறகும் சட்டியைக் கீழே வைக்கவில்லை. அறுபது தாண்டியும் சுமந்தாள். இரண்டு பாதத்திலும் ஆறாத புண். வெயில் காலத்தில் வேலை உண்டு. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் குளம், தை பிறக்கும்வரை உப்பளத்தில் ஒரு வேலையும் கிடையாது. அந்த மாதங்களில் பெண்கள் பக்கத்துக் கழுவேலிச் சதுப்பில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இறாலைக் கையால் துழாவிப் பிடித்து விற்பார்கள். அக்காவும் போவாள். புண்ணில் சேறு ஏறும். "மழை மாசத்துக்கு மட்டும் சர்க்கார் ஏதாச்சும் உதவிப்பணம் குடுத்தா இவ தண்ணியில எறங்க வேணாம். நான் சொன்னா கேக்க மாட்டேன்றா. என் பென்சன்ல சோறு துன்ன மாட்டாளாம். சர்க்கார் குடுத்தா வாங்குவாளாம், அது அவ ஒழைப்புக்குக் குடுக்கறதாம்," என்று அவர் அடிக்கடி சொல்லுவார். அவருக்கு ஊர் திரும்பியபின் இருந்த ஒரே ஆசை அதுதான்.

சுனாமி வந்தது. உப்பளத்துக்குள்ளும் கடல் ஏறிப்போனது. அதற்குப் பிறகு நாலைந்து மாதம் என் ஜெராக்ஸ் மிஷின் ஆறவேயில்லை. எந்த உதவிக்கும் மனு, எந்த மனுவுக்கும் ரேஷன் கார்டு நகல், போட்டோ, அந்த நகலுக்கு ஒரு நகல். அவசரத்தில் ஒரு பொம்பளைக்குக் கார்டின் பின்பக்கம் எடுத்துவைக்க மறந்துவிட்டேன். அவள் பெயர் பட்டியலில் விட்டுப்போனது. கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன்: என் கடையிலிருந்து போகும் எந்த மனுவும் இணைப்பு இல்லாமல் போகாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் வைத்துவிடுவேன். அதன்பிறகு என் கடை மனு எதுவும் திரும்பி வரவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது அவருக்கு டெல்லியிலிருந்து ஒரு பழைய தோழர் ஒரு புத்தகம் மாதிரி அனுப்பியிருந்தார். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு வேலையில்லாத மாதங்களில் உதவித்தொகை தரவேண்டும் என்று ஒரு உறுப்பினர் தனியாகக் கொண்டுவந்த மசோதா. குலுக்கலில் வந்துவிட்டது, குளிர்காலக் கூட்டத்தொடரில் ஒரு வெள்ளிக்கிழமை விவாதம். அன்றுதான் அவர் படித்து நான் முதல்முறையாகப் பார்த்தேன். "அச்சடிச்ச மசோதா எல்லாருக்குமானதும்மா, இதப் படிக்கலாம்," என்று சொல்லிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கடைசிப் பக்கத்தில் எந்தெந்தத் தொழில் என்று ஒரு அட்டவணை. விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார். பீடி, கட்டட வேலை, சுமை தூக்குதல், செங்கல் சூளை. விரல் அடியில் போய் நின்றது. மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார்.

"உப்பு இல்லம்மா," என்றார்.

அதற்கு வழி இருக்கிறது என்றும் அவரே சொன்னார். உப்பளத்துப் பெண்கள் சபைக்கே ஒரு மனு கொடுக்கலாம். மசோதா கொண்டுவந்த உறுப்பினரே அதில் கையெழுத்துப் போட்டுச் சபையில் சமர்ப்பித்தால், அதை வைத்து உப்பளத்தையும் சேர்க்கச் சொல்லி ஒரு திருத்தம் கொடுக்கலாம். மசோதா தோற்றாலும் மனு தோற்காது. சபையில் வாசித்துவிட்டால் அது பதிவில் நிற்கும், அதற்கென்று உள்ள குழு எடுத்துப் பார்த்தாக வேண்டும். அந்த உறுப்பினருக்குப் பல வருஷம் தண்ணீரும் சீட்டும் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர். போன் போட்டார். செவ்வாய்க்கிழமைக்குள் மனு கையில் வந்தால் வெள்ளிக்கிழமை மசோதாவுக்கு முன் சமர்ப்பிக்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

மனு எப்படி இருக்கவேண்டும் என்று நாலு தரம் சொன்னார். பணிவான வார்த்தைகள். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. வேண்டுகோள் உள்ள தாளிலேயே கைநாட்டு இருக்கவேண்டும். "அப்புறம் முக்கியமா, வேற எந்தக் காகிதமும் கூட வைக்கக்கூடாதும்மா. சபை விதி. மனு மட்டும் தனியாப் போவணும்."

"ஒரு ரேஷன் கார்டு நகல் கூடவா?"

"ஒண்ணும் கூடாது."

தலையாட்டினேன். கேட்டது காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. இவர் தாளைக் கவிழ்த்துக்கொண்டு போனவர்தானே, உள்ளே என்ன இருக்கும் என்று இவருக்கு என்ன தெரியும், ஆபீஸ் என்றால் எல்லா ஆபீஸும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு பெண்கள் கடைக்கு வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. உப்பில் தேய்ந்த கட்டைவிரல்கள், மை சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று தரம் அழுத்த வேண்டியிருந்தது. முதல் கைநாட்டு அக்காவுடையது. "இந்த விரலு அங்க போயி என்னாடா பேசப் போவுது?" என்று தம்பியைக் கேட்டாள். "அது பேச வேணாம்க்கா. அது அங்க இருந்தா போதும், பேசறவங்க பேசுவாங்க," என்றார். அவள் கையை என் மேஜைத் துணியில் துடைத்தபடி, "அப்போ அடுத்த மழைக்கு நான் தண்ணியில எறங்க வேணாம்," என்றாள். தம்பி அக்காவைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

எல்லோரும் போனபின் நான் அதைச் செய்தேன். பெண்களின் ரேஷன் கார்டு நகல் எல்லாம் சுனாமி சமயத்தில் எடுத்தது என்னிடம் கட்டாக இருந்தது. அவற்றைப் பின்னால் சேர்த்தேன். முதல் மனுதாரர் போட்டோ இல்லாமல் மனுவா? நிவாரணத்துக்காக அக்கா தன் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே போட்டோவில் ஒரு பிரதி மிச்சமிருந்தது. அதையும் எடுத்து வைத்தேன். கைநாட்டு வைத்த தாளை மறுபடி பிரிண்டரில் விட்டு, அடியில் 'இணைப்பு: குடும்ப அட்டை நகல்கள், புகைப்படம்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அடித்தேன். எழுத்து கொஞ்சம் மேலே ஏறி அக்காவின் ரேகை மேலேயே விழுந்தது. பரவாயில்லை என்று போட்டோவை வலது மேல்மூலையில் ஸ்டேப்ளர் அடித்து, எல்லாவற்றையும் உறையில் போட்டுப் பசை ஒட்டிவிட்டேன்.

சாயங்காலம் அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். உறையை இரண்டு கையாலும் வாங்கினார். கனம் தெரிந்திருக்கும். எத்தனை ஆயிரம் காகிதம் ஏந்திய கை! ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"மடங்காம இருக்க அட்டை வச்சிருக்கேண்ணா," என்றேன். அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னேன்.

"சரிம்மா," என்றார். உறையைக் கவிழ்த்து மார்போடு வைத்துக்கொண்டு, நாற்காலிக்குத் தலை வணங்கி, பின்பக்கமாக நடந்து போனார். திண்டிவனம் போய் ரயிலைப் பிடிக்கவேண்டும்.

அந்த வாரம் முழுக்க இங்கே பேய்மழை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கடையில் உட்கார்ந்து, இப்போது வாசிப்பார்கள், இப்போது அண்ணா மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் அந்தச் சபையில் நின்றவர், ஒரு நாள் உட்கார்ந்து கேட்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

அடுத்த வாரம் திரும்பி வந்தார். நேராகக் கடைக்குத்தான். சட்டை கசங்கியிருந்தது. பழைய உறையை இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதைக் கவிழ்த்து நீட்டினார்.

"எடுத்துக்கலம்மா. திருப்பிட்டாங்க," என்றார். "அந்த மசோதா வந்துச்சு. அவரு ஒரு மணி நேரம் பேசினாரு. உப்பு பத்தி ஒண்ணும் பேசல, கையில மனு இல்லாம எப்படிப் பேசுவாரு? கடைசியில, சர்க்காரே யோசிக்குது, வாபஸ் வாங்கிக்கங்கன்னு மந்திரி சொன்னாரு. வாங்கிட்டாரு. அவ்ளோதான்."

உறையைப் பிரித்தேன். அவர் வழக்கம்போல ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே இங்கிலீஷில் ஒரு குறிப்பு. சபை விதிப்படி மனுவுடன் வேறு ஆவணங்கள் இணைக்கக்கூடாது, கைநாட்டு வைத்தபின் தாளில் வாசகம் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆகவே ஏற்பதற்கில்லை. நகல்களைக் கழற்றிப் போட்டிருக்கலாம். அடியில் நான் அடித்த வரியை எப்படிக் கழற்றுவது? புதிதாகக் கைநாட்டு வாங்கப் பதினோரு பெண்களும் மரக்காணத்தில், கொண்டுபோனவர் டெல்லியில், நடுவில் மூன்று நாள். போட்டோவைக் காணோம். எங்கோ கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

"என்னாம்மா போட்டிருக்காங்க?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

குறிப்பை மடித்து மேஜை அறைக்குள் போட்டேன். "நேரம் கடந்துடுச்சாம்ண்ணா," என்றேன்.

"சரிம்மா," என்றார்.

அதற்கப்புறம் அவர் யாருடைய காகிதத்தையும் வாங்கவில்லை. இதை நான் கவனிக்க ஒரு மாதம் ஆனது. தெருவில் யாராவது ஜெராக்ஸுக்குக் கொடுத்தால், "நீயே போயிடுப்பா, எனக்கு முட்டி வலி," என்பாராம். தபால்காரர் கார்டை நீட்டினால் வீட்டு வாசலைக் காட்டுவாராம். கடைக்கு மட்டும் வருவார், நாற்காலிக்குக் குனிவார், கை வீசிக்கொண்டு வந்து கை வீசிக்கொண்டு போவார். மசோதாக் கதை நின்றுவிட்டது. வேறொரு மனு எழுதலாம், குழுவுக்கே அனுப்பலாம் என்று நான் ஒருமுறை ஆரம்பித்தேன். "பாக்கலாம்மா," என்றார். முடியாமல் போன வருத்தம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ மத்தியானம் நினைத்தேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஜெராக்ஸுக்கு வந்துவிடுவார்கள், நானும் தப்பித்தேன் என்று எழுந்துவிடுவேன்.

அடுத்த மழைக்கு அக்கா தண்ணீரில் இறங்கினாள். கார்த்திகையில் நாலு நாள் தொடர்ந்து கழுவேலியில் இறால் துழாவியதில் பாதத்துப் புண் வீங்கி, கணுக்காலுக்கு மேல் கறுத்து, காய்ச்சல் வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நினைவு தப்பிவிட்டது. மூன்றாம் நாள் உடலாகத்தான் எடுத்து வந்தார்கள்.

அந்த மனு ஒழுங்காகப் போயிருந்தால் ஒரு வருஷத்தில் பணம் வந்திருக்குமா? வந்திருக்காது. மசோதாவே வாபஸ் ஆனது, எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் விரல் ரேகை அங்கே இருந்திருக்கும். அதை அங்கே இருக்கவிடாமல் செய்தது நான். இதை எந்தக் கணக்குப் போட்டும் என்னால் நேராக்க முடியவில்லை.

காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவர் கடைக்கு வந்தார். நாற்காலிக்குக் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன போட்டோவை எடுத்து என் மேஜையில் வைத்தார். கவிழ்க்காமல், முகம் மேலே தெரியும்படி வைத்தார். அவர் அப்படி எதையும் வைத்து நான் பார்த்ததில்லை.

அக்காவின் போட்டோ. வலது மேல்மூலையில் துருப்பிடித்த இரண்டு ஓட்டை. என் ஸ்டேப்ளர் போட்டது.

"இது... எப்படிண்ணா உங்ககிட்ட?" என்றேன்.

"டெல்லியில அந்த அதிகாரி என் எதிர்லதாம்மா பிரிச்சாரு. என்ன நல்லாத் தெரிஞ்சவரு. எல்லாத்தையும் மேஜை மேல பரப்பி வச்சு, நீயா இதக் கொண்டாந்தன்னு கேட்டாரு. அக்கா படத்த மட்டும் கேட்டு வாங்கிக்கினேன்."

"அப்போ அன்னிக்கு நான் பொய் சொன்னேன்னு..."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் வந்து நின்று போனது.

"அது உன் கைக்கு வந்த கடுதாசிம்மா. உள்ள என்னா இருக்குன்னு நீ சொல்றதுதான் எனக்கு," என்றார். "இதப் பெருசு பண்ணிக் குடு. காரியத்துக்கு வைக்கணும். அந்த ரெண்டு ஓட்டை மட்டும் தெரியாமப் பாத்துக்க."

ஸ்கேனரில் வைத்தேன். திரையில் அக்காவின் முகம் பெரிதாக வந்தது. ஓட்டைகளும் பெரிதாக வந்தன. பக்கத்திலிருந்த வெளிச்சத்தை எடுத்து அவற்றின் மேல் பூசினேன். ஒன்று போனது, இன்னொன்றும் போனது. அவர் ஒருமுறைகூடத் திரையின் பக்கம் திரும்பவில்லை. நான் அழுதுகொண்டே வேலை செய்தேன், அதையும் அவர் பார்க்கவில்லை.

பிரிண்ட் எடுத்து நீட்டினேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு கையாலும் ஒரு காகிதத்தை வாங்கினார். கவிழ்த்து மார்போடு வைத்துக்கொண்டார். பின்பக்கமாக நடந்து படியருகே போய் நின்று, என் நாற்காலியைப் பார்த்துக் குனிந்தார்.

நான் எழுந்து ஓரமாக நின்றுகொண்டேன். அந்த வணக்கத்தை அதில் உட்கார்ந்தபடி வாங்க என்னால் முடியவில்லை.